‘பார்த்தேன்’ என்று எழுதிய நூற்று அறுபது அட்டைகள்

வியாழன், காலை ஏழு மணி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே என் முழங்கால், ரத்த அழுத்தம், கட்டுப்பல் மூன்றும் அதது வேலையை அதது பார்த்துக்கொண்டிருக்கின்றன, அவற்றைப் பற்றிக் கேட்காதே. கண்ணைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் சொன்னால் நீ உடனே அழுவாய், இல்லையென்றால் உடனே ஒரு முடிவெடுத்து அதை எனக்கு அறிவிப்பாய், இரண்டையும் கேட்கும் நிலையில் நான் இல்லை. கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. எழுத்து ஒழுங்காகத்தானே இருக்கிறது என்று நினைப்பாய். இடது கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, வரிக்கு அடியில் அளவுகோலை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் வான்நோக்கர் மன்றம் உனக்குத் தெரிந்ததுதான். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நூலகத்தின் மேல்மாடி அறையில் இருபத்திரண்டு பேர் கூடுகிறோம், அவர்களில் வானத்துக்காக வருகிறவர்கள் பதினைந்து பேர், மற்றவர்கள் வீட்டிலிருந்து தப்பிக்க வருகிறவர்கள். ‘வரும் மாத நிகழ்ச்சிகள்’ என்ற தாளைத் தயாரிப்பது ஆறு வருடமாக என் பொறுப்பு. இந்த மாதத் தாளில் முதலில் இருப்பது நாளை மறுநாள் சனிக்கிழமை வரும் பகுதி சூரிய கிரகணம், காலை ஒன்பது பன்னிரண்டுக்குத் தொடங்கிப் பதினொன்று இருபதுக்கு முடிகிறது, சூரியனில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக மறையும், பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். அதற்கடுத்த புதன்கிழமை அந்தி நேரத்தில் மேற்கே பிறைக்குப் பக்கத்தில் வெள்ளி. அதற்கடுத்த வாரம் நூலக மாடியில் தொலைநோக்கி வைத்துச் சனியின் வளையம். மாதக் கடைசியில் நிலவில்லாத நாட்களில் எரிகல் பொழிவு, அதற்கு ஊர் விளக்குகளைத் தாண்டி நீர்த்தேக்கக் கரைக்குப் போக வேண்டும், போர்வையும் பிளாஸ்கும் தாங்களே கொண்டு வரவும் என்று எழுதியிருக்கிறேன். நேற்றிலிருந்து அந்தத் தாளை எடுத்து, இதில் எதை நான் பார்ப்பேன், எதைப் பார்க்க மாட்டேன் என்று வரிவரியாக விரலை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் பெரிய பயம் அது இல்லை. எனக்குப் பார்வை போனால் எனக்கு மட்டும்தான் போகும். நான் பயப்படுவது அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக.

கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அட்டைச் சட்டத்தில் கறுப்புத் தாள் ஒட்டிய கிரகணக் கண்ணாடி மன்றத்திடம் நூற்று அறுபது இருக்கிறது, சில வருடங்களுக்கு முன்பு வாங்கித் தகரப் பெட்டியில் போட்டு வைத்தது. அந்தத் தாளில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் போதும், வெயில் அந்த வழியாக நேரே உள்ளே போய் விழித்திரையைச் சுட்டுவிடும். சுடும்போது வலிக்காது, அதுதான் கொடுமை, மறுநாள்தான் தெரியும். அதனால் ஒவ்வொன்றையும் இருட்டறையில் நல்ல விளக்குக்கு எதிரே பிடித்து, எங்காவது வெளிச்சப் பொட்டு தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். அந்த வேலையை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவள், என் கண்ணைத் தாண்டி ஒரு ஒற்றுகூடப் போனதில்லை, இதை வேறு யாரிடம் விடுவது என்று நினைத்தேன். வெளிப்படையாகவும் சொன்னேன். நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்து முடித்த ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும், அச்சகத்தில் புரூஃப் தாளில் எழுதுவேனே அதேபோல, ‘பார்த்தேன்’ என்று எழுதிச் சின்னக் கையெழுத்துப் போட்டேன். நூற்று அறுபதில் ஒன்றுகூடக் கழியவில்லை. பழைய சரக்கில் ஒன்றுகூடக் கழியவில்லை என்பதே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். மாறாகப் பெருமையைக் கொடுத்தது.

மன்றத்தில் ஒரு வெல்டர் இருக்கிறார், கிரில் கேட் செய்கிறவர், நாற்பது வயது இருக்கும், தொலைநோக்கிக்குத் தாங்கியெல்லாம் செய்து கொடுத்தவர். எனக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான், எனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். தகரப் பெட்டியின் மூடி பிய்ந்திருந்ததால் அதைப் பற்றவைக்க, நான் பார்த்து முடித்த அட்டைகளோடேயே இரண்டு நாள் பெட்டி அவர் பட்டறையில் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தவர், மேலே இருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அம்மா, இதுல ஒரு பொட்டு தெரியுதே” என்றார். அடுத்தடுத்துப் பார்த்ததில் மூன்றில் தெரிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மூன்றிலும் என் ‘பார்த்தேன்’ இருந்தது. எனக்குக் காது சூடேறிவிட்டது. தீப்பொறி பறக்கிற இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்தால் பொட்டு தெரியாமல் பூவா தெரியும் என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். “பெட்டி மூடித்தாம்மா இருந்துச்சு” என்றார். மூடியே இல்லாமல் கொண்டுபோன பெட்டி எப்படி மூடியிருக்கும், இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றேன். அவர் தன்னிடம் இருந்த தொலைநோக்கி வைக்கும் அறையின் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, “பூதக்கண்ணாடி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேலே இருந்தவைதான் பொறியில் கெட்டன, அடியில் இருப்பவை பத்திரம் என்று நான்தான் தீர்ப்பும் சொன்னேன். தலைவர், அதுதான் மருந்துக்கடைக்காரர், சரிங்கம்மா என்றார். நான் சொன்னால் மறுபடி யாரும் பார்ப்பதில்லை. அந்த வழக்கத்தை அங்கே ஏற்படுத்தியதும் நான்தான்.

திங்கட்கிழமை நிகழ்ச்சித் தாள் அச்சாகி வந்தது. வாசிக்கும்போது இடது கண்ணில் தூசி விழுந்தது, அதைக் கசக்கிக்கொண்டே வலது கண்ணால் பார்த்தால் அட்டவணைக் கோடுகள் எல்லாம் வயிறு உப்பினாற்போல வளைந்திருக்கின்றன. தாளைத் தூக்கிக்கொண்டு நேரே அச்சுக்கடைக்குப் போனேன். போன மாதம் ‘கிரகனம்’ என்று அடித்து இரண்டாவது முறை அச்சிட்டவர்கள்தானே, இப்போது கோடுகூடப் போடத் தெரியவில்லையா என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண், “எங்க ஆன்ட்டி கோணலா இருக்கு” என்று ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் கோட்டின்மேல் வைத்துக் காட்டினாள். நேராக இருந்தது. இடது கண்ணை மூடினேன், ஸ்கேலும் வளைந்தது, அதன் நடுவில் ஈரத்துணியால் துடைத்த சிலேட்டைப்போல ஒரு அழுக்கு, நான் எங்கே பார்த்தாலும் அங்கேயெல்லாம் அதுவும் வந்தது. அந்தப் பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவளிடம் மன்னிப்புக் கேட்காமலே வந்துவிட்டேன்.

இவ்வளவு நாள் எப்படித் தெரியாமல் இருந்தது என்று கேட்பாய். எங்கள் தொழிலில், அதாவது பொழுதுபோக்கில், ஒரு வித்தை இருக்கிறது. மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் தெரியாது, அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்வையை வைத்தால் ஓரத்தில் மின்னும். ஓரப்பார்வை என்போம். மன்றத்தில் அதில் என்னை மிஞ்ச ஆளில்லை. கான்வென்டில் சிஸ்டர் பேசும்போது நேராகப் பார் நேராகப் பார் என்று முகவாயைப் பிடித்துத் திருப்புவார், அதையும் மீறிக் கற்றுக்கொண்ட வித்தை. தொலைநோக்கியில் எப்போதும் வலது கண், இடதை மூடிக்கொள்வேன், நேராகப் பார்க்கவே மாட்டேன். நடுப்பார்வை எந்த மாதம் போயிற்றோ, அது இல்லாமலே நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாசிக்கும்போது இரண்டு கண்ணும் திறந்திருக்கும், வலது கண்ணின் குறையை இடது கண் மறைத்துவிடும். கிரகண அட்டைகளைச் சோதிக்கும்போது மட்டும் பழக்கதோஷத்தில் தொலைநோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தாற்போல இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால், நேராகப் பார்த்திருக்கிறேன். கையெட்டும் தூரத்தில் பிடித்தால் கறுப்புத் தாள் முழுவதும் அந்த அழுக்குக்குள் அடங்கிவிடும். நான் நான்கு நாளும் பார்த்தது என் கண்ணிலிருந்த இருட்டை.

நேற்றுக் காலை ஒன்பதரைக்குக் கண் டாக்டரிடம் போனேன். உன் வயதுப் பெண், பொறுமையாகப் பேசினாள். “விழித்திரை நடுவுல நீர் கோத்திருக்கும்மா, ஊசி போட்டா இருக்கறதக் காப்பாத்தலாம், போனது முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றாள். ஊசி எங்கே என்று கேட்டேன். “கண்ணுலதாம்மா” என்றாள். இடது கண்ணிலும் புள்ளிகள் இருக்கின்றனவாம், இப்போது தொந்தரவில்லை, விடாமல் கவனிக்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்து உன் அப்பா படத்துக்கு முன்னால் நின்று இடது கண்ணை மூடிப் பார்த்தேன். சட்டைக் காலர் இருக்கிறது, காது இரண்டும் இருக்கின்றன, முகம் இல்லை. பிறகு, கழித்துப்போட்ட மூன்று அட்டைகள் என் பையில் இருந்தன, விளக்கைப் போட்டு ஒன்றைப் பிடித்தேன். வலது கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. இடது கண்ணைத் திறந்தேன், நட்சத்திரம்போலப் பளிச்சென்று ஒரு ஓட்டை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இனிமேல் எழுதுவதுதான் உனக்கு எழுத வேண்டியது. நான் தரையில் உட்கார்ந்திருக்கும்போது, பகல் பன்னிரண்டு மணி, மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். பள்ளிக்கூட வண்டி வந்திருக்கிறது, “அட்டையெல்லாம் அனுப்பிடலாங்களாம்மா” என்று கேட்டார். நான், அனுப்புங்கள் என்றேன். பாப்பா, எனக்கு அப்போது தெரியும். ஓட்டை பட்டறையில் விழவில்லை, அடியில் இருப்பவற்றிலும் இருக்கும் என்று தெரியும். எழுபத்து மூன்று வயதில், தெரிந்தே, அனுப்புங்கள் என்றேன். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், பாவம் கண் போயிற்று என்பார்கள், வெல்டரைப் பிடித்து அப்படிக் கேட்டாளே என்பார்கள், நீ வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வா என்பாய். இதற்குப் பயந்துகொண்டு நூற்று ஐம்பத்தேழு அட்டைகளைப் பிள்ளைகளிடம் அனுப்பிவிட்டேன். மாலைக்குள் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், மாலை போயிற்று, காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். விடியும்வரை ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். உன்னிடம் எழுதியாகிவிட்டது, இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது. செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் வெல்டரிடம் போகிறேன்.

வெள்ளி, மாலை ஆறு மணி

நேற்று நான் போனபோது அவர் முகமூடி போட்டுக்கொண்டு ஒரு கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்த வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்பதால் வாசலில் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றேன். சத்தம் நின்றது. “என்னம்மா, இங்க வந்து கண்ணாமூச்சி ஆடறீங்க” என்றார், குரலில் சிரிப்பு இல்லை. தப்பு செய்தால் எழுந்து நின்று முழு வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கான்வென்டில் சட்டம். வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அட்டைகளைச் சோதித்தபோது என் வலது கண்ணில் பார்வை இல்லை, எனக்கு அது தெரியாது, குற்றம் உங்களுடையது அல்ல என்று சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றினார். “பொறி பட்டா ஓட்டையோட ஓரம் கருகி இருக்கும்மா, இது மடிப்புல வெடிச்ச ஓட்ட. அன்னிக்கே சொல்லியிருப்பேன், நீங்கதான் தீர்ப்பே எழுதிட்டீங்களே” என்றார். பிறகு, அட்டை இப்போது எங்கே என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் என்றேன். உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். நேற்றுப் பகலில் என்றேன். அவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வண்டியில ஏறுங்க என்றார். கேட் ஏற்றும் சின்ன லாரி, ஏறுவதற்கு ஒரு முக்காலி வைத்தார். பாதி வழியில், “உங்களுக்குக் கண்ணு போச்சேன்னு வருத்தந்தாம்மா. ஆனா தெரிஞ்சும் ஒரு நாள் சும்மா இருந்தீங்க பாருங்க, அதுக்கு எனக்கு நல்ல வார்த்த ஒண்ணும் வரல” என்றார். நியாயம்தான் என்றேன்.

தலைமையாசிரியை அறையில் மறுபடி எழுந்து நின்று மறுபடி முழு வாக்கியம் சொன்னேன். அந்த அம்மாள் முகம் வெளுத்துப்போயிற்று. “மேடம், நாலாம் வகுப்பு டீச்சர் ஆர்வக்கோளாறுல நேத்து சாயந்திரமே குடுத்துட்டாங்க, பிள்ளைங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுச்சு” என்றார். நாற்பத்தொரு அட்டை. புதன் மாலை என்றால், நான் அனுப்புங்கள் என்று சொன்ன நாலு மணி நேரத்தில். மற்ற வகுப்புகளுக்கு இன்னும் கொடுக்கவில்லை, நூற்றுப் பதினாறு பெட்டியிலேயே இருந்தன. நாலாம் வகுப்புக்குள் போய் டீச்சர் கேட்டார், யாராவது அதைப் போட்டுச் சூரியனைப் பார்த்தீர்களா என்று. ஏழு கை உயர்ந்தது. அந்த ஏழு பேரும் காலையில் வரும்போது பார்த்தார்களாம், பையிலேயே வைத்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரரும் அதற்குள் வந்துவிட்டார், அவரும் வெல்டரும் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் திரையை இழுத்துவிட்டு முதலில் அந்த ஏழையும் விளக்கில் பிடித்தார்கள். ஏழும் நல்லவை. அவர்கள் ஒவ்வொன்றாக நல்லது, நல்லது என்று சொல்லும்வரை நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஏழாவதற்கு அப்புறம் என்னால் கையைச் சுவரிலிருந்து எடுக்க முடியவில்லை. மருந்துக்கடைக்காரர், “வயசானா யாருக்கும் வர்றதுதாங்கம்மா, விடுங்க” என்றார். வெல்டர் திட்டியதைவிட அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்றைக்கு எல்லோரையும் கொண்டுவரச் சொல்லி, நாற்பது வந்துவிட்டன. எல்லாவற்றையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள். மொத்தத்தில் பத்தொன்பது ஓட்டை. பத்தொன்பதிலும் என் கையெழுத்து, அழகான கையெழுத்து. மிச்சம் இருப்பதை நாளைக்குப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். ஆனால் பாப்பா, ஒன்று வரவில்லை. நாலாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை நேற்றுக்கூட வரவில்லை, புதன் மாலையே அப்பா அம்மாவோடு உறவுக்காரர் வீட்டுக்கு வெளியூர் போய்விட்டதாம். அட்டையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், அங்கே எல்லோருக்கும் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாளாம் பக்கத்து வீட்டில். அப்பாவின் போன் அணைத்து வைத்தாற்போல இருக்கிறது. டீச்சர் கூப்பிடுகிறார், தலைமையாசிரியை கூப்பிடுகிறார், நான் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கூப்பிடுகிறேன். உறவுக்காரர் வீடு எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியவில்லை. நூற்று ஐம்பத்தாறில் பத்தொன்பது கெட்டது என்றால் அது எட்டில் ஒன்று. எட்டில் ஏழு பங்கு நல்லதாக இருக்கும் என்று மருந்துக்கடைக்காரர் ஆறுதல் சொன்னார். எனக்கு அந்த ஒரு பங்குதான் கண்முன்னால் நிற்கிறது. அந்தக் குழந்தையின் முகம் எனக்குத் தெரியாது, வகுப்புப் புகைப்படத்தில் காட்டினார்கள், இரண்டாவது வரிசையில் மூன்றாவது, பல் விழுந்த வாயோடு சிரிக்கிறது. மறந்துவிடக் கூடாது என்று இடது கண்ணால் வெகுநேரம் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அறிவுரை சொல்லாதே, பால் குடித்தேன்.

சனி, பகல் ஒரு மணி

வெயில் நன்றாக அடித்தது, ஒரு மேகம் வராதா என்று ஆறு வருடத்தில் முதல் முறையாக வேண்டிக்கொண்டேன். மைதானத்தில் எனக்கு வேலை ஒன்றும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை, மேஜைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தக் குழந்தையின் அப்பா எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு மணி அடித்தது, எடுத்தார்கள். “யாரு? எந்தக் கண்ணாடி?” என்றார் அப்பா, தூங்கி எழுந்த குரல். குழந்தை எங்கே என்று கேட்டேன். “மாடிக்குப் போயிருக்கா, ஏதோ கிரகணமாம்” என்றார். ஓடுங்கள் என்றேன். என்னங்க விஷயம் என்றார். அப்புறம் சொல்கிறேன், ஓடிப்போய் அவள் கண்ணிலிருந்து அந்த அட்டையை எடுங்கள் என்று கத்திவிட்டேன், மைதானமே திரும்பிப் பார்த்தது. படிக்கட்டில் அவர் ஏறும் சத்தம் கேட்டது, கதவு கேட்டது, குழந்தை வீரிட்டு அழுவது கேட்டது. அந்த அழுகை கண்ணுக்காகவா, அட்டையைப் பிடுங்கியதற்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான அரை நிமிடம் இருந்ததில்லை, உன் அப்பா போனபோதுகூட இல்லை.

“இன்னும் போடவேயில்லைங்க, கையிலதான் வெச்சிருந்தா, ஒன்பது பன்னண்டு ஆகட்டும்னு கடிகாரத்தப் பாத்துட்டு நின்னிருக்கா” என்றார் அவர். எங்கள் தாளில் போட்டிருந்த நேரம் அது. நான் விவரத்தைச் சொன்னேன். அப்படியானால் இந்த அட்டை நல்லதா கெட்டதா, “அதுல பார்த்தேன்னு எழுதியிருக்கே” என்று கேட்டார். எழுதியது நான்தான், ஆனால் எனக்குத் தெரியாது, கத்தரித்துப் போடுங்கள் என்றேன். குழந்தை போனைப் பிடுங்கி, “அப்போ நான் எப்படி மிஸ் பாக்கறது” என்று விக்கி விக்கிக் கேட்டது. நான் மிஸ் இல்லை என்று சொல்ல நேரமில்லை. அந்த வீட்டில் ஜல்லிக்கரண்டி இருக்கிறதா என்று கேட்டேன். சமையலறைக்குப் போய் எடுத்து வந்தார்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நில், தலையைத் தூக்கவே கூடாது, கரண்டியை வெயிலில் பிடித்துக்கொண்டு தரையில் விழும் நிழலை மட்டும் பார், ஓட்டை ஒவ்வொன்றும் வட்டமாக வெளிச்சம் போடும், கொஞ்சம் பொறுத்துக்கொண்டே இரு என்றேன். போனை வைக்காதீர்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்றுமே இல்லை மிஸ், ஒன்றுமே இல்லை மிஸ் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஒன்பதே முக்காலுக்குப் பேச்சு நின்றது. பிறகு மெதுவாக, “மிஸ், எல்லாத்தையும் யாரோ கடிச்சிருக்காங்க” என்றது.

முடிந்த பிறகு வெல்டர் வந்து பக்கத்தில் நின்றார். அட்டை சோதிக்கும் வேலையை இனி நான் தொட மாட்டேன், நிகழ்ச்சித் தாளையும் வேறு யாராவது செய்யட்டும் என்றேன். “அதெல்லாம் வேண்டாம், நீங்களே பாருங்க, நான் ரெண்டாவது பாக்கறேன். எனக்கு எழுத்துப்பிழை தெரியாது, ஓட்ட தெரியும்” என்றார். மன்னித்துவிட்டார் என்று அர்த்தம் இல்லை, சாவியை இன்னும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன், எல்லோர் முன்னாலும்தானே பழி போட்டேன். அச்சுக்கடைப் பெண்ணிடமும் போக வேண்டும்.

இப்போது உனக்கு. நீயும் நாற்பது தாண்டிவிட்டாய், இது குடும்பத்தில் இறங்கும் என்று டாக்டர் சொன்னாள். இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் ஒரு கண்ணை மூடி ஜன்னல் சட்டத்தைப் பார், பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார், கோடு நேராக இருக்கிறதா என்று பார். இரண்டு கண்ணையும் சேர்த்துத் திறந்துகொண்டு நன்றாகத்தானே தெரிகிறது என்று சொல்லாதே. நல்ல நாளாகப் பார்த்துப் போகலாம் என்று தள்ளிப் போடாமல் டாக்டரிடமும் காட்டு. பேத்தியைக் கேட்டதாகச் சொல், முத்தம். மாப்பிள்ளைக்கு என் ஆசி. நீங்கள் மூவரும் நிறைந்த ஆயுளோடும் கெடாத கண்ணோடும் இருக்க வேண்டும், நான் வேறு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதல் ஊசி. உடன் வருபவர் பெயர் என்று ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, நான் யாரையும் எழுதவில்லை, எனக்கு யாரும் வேண்டாம் என்றேன், யாராவது கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். மருந்துக்கடைக்காரர் வருகிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வர எட்டு நாள் ஆகும், அதற்குள் ஒன்று முடிந்திருக்கும். மாதத்துக்கு ஒன்றாக மூன்று போட வேண்டும். எதற்கு அலைகிறாய், எதற்குச் செலவு என்று நாலு வருடமாக உன்னை வராதே வராதே என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். எனக்குப் பயமாக இருக்கிறது, பாப்பா. இரண்டாவது ஊசிக்கு வா.

உன் அம்மா